பிள்ளைகளுக்குக் கை உண்டு என்று கண்டுபிடித்த கதை

இருபது வருஷத்துக்கு ஒருமுறை நம் நாட்டுப் பெரிய மனிதர்கள் கூடி ஒரு கண்டுபிடிப்பை வெளியிடுவார்கள்: பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கை இருக்கிறது! ஒன்றல்ல, இரண்டு. அந்தக் கைகளால் பரீட்சை எழுதுவதோடு வேறு காரியங்களும் செய்யலாம். வரையலாம், நூற்கலாம், தைக்கலாம், தாளம் போடலாம். கண்டுபிடித்த அதிர்ச்சியில் ஒரு கமிஷன் போடுவார்கள். கமிஷன் ஊர் ஊராகப் போய்க் கைகள் இருப்பதை நேரில் பார்த்து அறிக்கை தரும். அறிக்கைப்படி டைம்டேபிளில் வாரத்துக்கு இரண்டு பீரியடு ஒதுக்குவார்கள். அந்த இரண்டையும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். பிறகு இருபது வருஷம் நிம்மதி.

ஓவியம், பாட்டு, கைத்தொழில் வகுப்புகளின் நூற்றெழுபது வருஷச் சரித்திரம் இவ்வளவுதான். ஆனால் நடுவில் வந்துபோன பாத்திரங்கள் சாமானியப்பட்டவர்கள் இல்லை. டாக்டர், துரை, மகாத்மா, மூதறிஞர், துணைவேந்தர் என்று எல்லோரும் இந்த மேடையில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். அவர்களுக்காகவாவது கொஞ்சம் விரித்துச் சொல்லலாம்.

முதலில் வந்தவர் ஒரு டாக்டர். பெயர் அலெக்ஸாண்டர் ஹண்டர். கும்பினியாரின் சர்ஜன். நாடி பிடித்துப் பார்த்தவருக்கு மதராஸ்வாசிகளிடம் ரசனைக் குறைவு என்னும் நோய் தென்பட்டிருக்கிறது. 1850-ல் சொந்தக் காசைப் போட்டு ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். சோழர் காலத்து நடராஜர் அறுநூறு மைல் சுற்றளவில் காலைத் தூக்கி ஆடிக்கொண்டிருந்த நாட்டுக்கு, அழகு என்றால் என்ன என்று சொல்லித்தர ஸ்காட்லாந்து சர்ஜன் வந்தார். அந்தக் காலத்து ஓவியப் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஒரே வைத்தியம்தான். கிரேக்கச் சிலைகளின் சுண்ணாம்பு அச்சுகளை மேஜைமேல் வைத்து, பார்த்து அப்படியே வரை என்பார்கள். மைலாப்பூரிலிருந்தும் திருவல்லிக்கேணியிலிருந்தும் கோயிலைத் தாண்டி நடந்துவந்த பையன், மூக்கு உடைந்த கிரேக்கத் தேவதையை நாள் முழுக்கப் பார்த்து வரைந்தான். போகும்போது மறுபடியும் கோயிலைத் தாண்டிப் போனான்.

டாக்டரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆள் சும்மா இருக்கமாட்டார். மண்பாண்டம், செங்கல், ஓடு என்று கையில் கிடைத்ததையெல்லாம் பாடமாக்கினார். புகைப்படம் என்ற வித்தை வந்ததும் அதற்கும் 1856-ல் ஒரு சங்கம் வைத்தார். அரசாங்கம் சில வருஷத்தில் பள்ளியை எடுத்துக்கொண்டது. அதுதான் இன்றைக்கும் பெரியமேட்டில் சிவப்புக் கட்டடமாக நிற்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. மருத்துவர் தொடங்கிய நோயாளி இன்னும் உயிரோடு இருக்கிறார். இது பெரிய விஷயம்.

அந்தப் பள்ளியில்தான் நம் சரித்திரத்தின் மிகப் பெரிய விபத்து நடந்தது. ஒரு கைத்தொழில் வகுப்பு நிஜமாகவே வெற்றிபெற்றுவிட்டது. ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற எஞ்சினியர் 1898-ல் மாணவர்களைக் கொண்டு அலுமினியத்தில் பாத்திரம் அடிக்க ஆரம்பித்தார். அதுவரை பித்தளைக்கு ஈயம் பூசிக்கொண்டிருந்த ஊர் இந்த வெள்ளை உலோகத்தைப் பார்த்தது. எடையில்லை, ஈயம் வேண்டாம். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. 1900-ல் இதற்கென ஒரு கம்பெனியே முளைத்தது. பள்ளிக்கூடத்து வகுப்பறையிலிருந்து தொழிற்சாலை வந்துவிட்டது! கமிஷன்கள் கனவு கண்டதெல்லாம் இதைத்தானே? ஆனால் அரசாங்கம் வியாபாரத்தில் இறங்குவதா என்று வெள்ளைக்கார வியாபாரிகள் முகம் சுளித்தார்கள். சாட்டர்டனின் தொழில் முயற்சிகளுக்கெல்லாம் சேர்த்து, 1910-ல் லண்டனிலிருந்து இந்தியா மந்திரி மார்லி பிரபு கடிதாசி போட்டார். சொல்லிக்கொடுப்பதோடு நிறுத்துங்கள், விற்கிற வேலை வேண்டாம் என்பது சாரம். வகுப்பு தோற்றால் பணம் வீண் என்பார்கள், ஜெயித்தால் எல்லை மீறல் என்பார்கள். பாவம் சாட்டர்டன், எந்தப் பக்கம் போவார்?

அலுமினியம் மட்டும் பள்ளிக்கூடத்தை விடவில்லை. எங்கள் தலைமுறை அலுமினியப் பெட்டியில் புத்தகம் தூக்கிப் போய், அலுமினியத் தட்டில் மதிய உணவு வாங்கித் தின்று வளர்ந்தது. பெட்டியின் தாழ்ப்பாள் விரலைக் கடிக்கும்போதெல்லாம் சாட்டர்டன் துரையை நினைத்திருக்கவேண்டும். அப்போது தெரியாமல் போயிற்று.

கமிஷனே இல்லாமல், கண்டுபிடிப்பு அறிவிப்பே இல்லாமல் நடந்த ஒரு வகுப்பும் உண்டு. அது டாக்டர் ஹண்டருக்கும் முந்தியது. நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் என்ற பாதிரியார் மனைவி பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். காலையில் எழுத்து, பிறகு லேஸ் பின்னல். ஒரு திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை மாற்றி மாற்றி எறிந்து பின்னுகிற வேலை. பார்த்தால் விளையாட்டு, கண்ணுக்கு வேட்டு. வந்த பெண்களில் அடிமைக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிய 1855 ஆயிற்று. அதற்கு முன்னமே லேஸ் விற்ற காசைச் சேர்த்துவைத்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கிய பெண்கள் உண்டு என்கின்றன மிஷன் குறிப்புகள். மால்ட் தம்பதியின் மகள் எலைசா, பாதிரியார் கால்டுவெல்லைக் கட்டிக்கொண்டு இடையன்குடிக்குப் போனார். லேஸும் கூடவே போனது. கணவர் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிக்கொண்டிருந்தார். மனைவி தேரிக்காட்டுப் பெண்களுக்கு நூல் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கால்டுவெல்லுக்கு மெரினாவில் சிலை இருக்கிறது. லேஸ் டீச்சருக்கு எங்கே சிலை வைப்பார்கள்?

டாக்டருக்கு அடுத்து வந்தவரும் ஒரு ஹண்டர். இவர் வில்லியம், அவர் அலெக்ஸாண்டர். குழம்பிக்கொள்ளவேண்டாம், இவர் டாக்டர் இல்லை. 1882-ல் இவர் தலைமையில் அமர்ந்த கல்விக் கமிஷன், உயர்நிலைப் பள்ளியில் ஏ பிரிவு, பி பிரிவு என்று இரண்டு வாய்க்கால் வெட்டச் சொன்னது. ஏ பிரிவில் போனால் யூனிவர்சிட்டி. பி பிரிவில் போனால் கைத்தொழிலும் வியாபாரமும். ஏ பக்கம் திருவிழாக் கூட்டம், பி பக்கம் ஈ ஓட்டினார்கள். தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா உத்தியோகம் ஏ பக்கம் இருக்கும்போது எந்தத் தகப்பன் பிள்ளையை பி பக்கம் அனுப்புவான்? நூற்று நாற்பது வருஷமாக இந்தப் பிரிவின் பெயரைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். தகப்பன்மார் மாறவில்லை.

இப்போது வார்தாவுக்குப் போவோம். 1937 அக்டோபர். காந்தி தம் கல்விக் கொள்கையைச் சபையில் வைக்கிறார். கையால் செய்கிற தொழில் வழியாகவே எல்லாப் பாடமும் கற்கவேண்டும். அது மட்டுமல்ல, பிள்ளைகள் செய்த பொருளை விற்று வாத்தியார் சம்பளத்தைக் கொடுத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. ஜாகிர் உசேன் தலைமையில் குழு போட்டார்கள். அதில் தஞ்சாவூரில் பிறந்த ஆடிட்டர் ஜே. சி. குமரப்பாவும் இருந்தார். குழுவைக் கூட்டி வேலைவாங்கும் பொறுப்பு யாழ்ப்பாணத்துத் தமிழரான ஆரியநாயகத்துக்கு. சாந்திநிகேதனில் தாகூரிடம் வேலைபார்த்துவிட்டு வந்தவர். தாகூரிடமிருந்து காந்தியிடம் போவதென்றால் வீணையை வைத்துவிட்டு ராட்டையை எடுப்பது. மனிதர் இரண்டையும் சமாளித்தார்.

அந்தக் குழு போட்ட டைம்டேபிளை நான் சட்டம் போட்டு மாட்டி வைக்கச் சொல்வேன். ஒரு நாளைக்குப் பள்ளிக்கூடம் ஐந்தரை மணி நேரம். அதில் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிடம். தாய்மொழிக்கு 40 நிமிடம். சமூகமும் அறிவியலும் சேர்ந்து 30 நிமிடம். உடற்பயிற்சி 10, இடைவேளை 10. மிச்சம்? பாட்டு, ஓவியம், கணக்கு, மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிடம்! பாட்டு டீச்சரோடும் டிராயிங் சாரோடும் ஒரே பெஞ்சில் கணக்கு வாத்தியாரை உட்காரவைத்தார்கள். இந்திய சரித்திரத்தில் கணக்கு வாத்தியாருக்கு நேர்ந்த ஒரே அவமானம் இதுதான். அதற்கப்புறம் அவர் செய்ததெல்லாம் பழிவாங்கல் என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் விளங்கிவிடும்.

ஆதாரக் கல்வி என்ற இந்தக் காந்தித் திட்டம் தமிழ்நாட்டில் ஊன்றிய இடங்கள் உண்டு. கல்லுப்பட்டி, காந்திகிராமம், பெரியநாயக்கன்பாளையம் என்று கை நிஜமாகவே வேலைசெய்த பள்ளிகள். அவற்றைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தக் கல்வி ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு நடந்து வந்து சேர்வதற்குள் இளைத்துத் துரும்பாகி, தக்ளி என்ற ஒற்றைப் பொருளாகிவிட்டது. ஒரு கம்பி, அடியில் பித்தளை வட்டு, நுனியில் ஒரு கொக்கி. பஞ்சுத் திரியின் நுனியைக் கொக்கியில் மாட்டி, கம்பியைத் தொடையில் உருட்டிச் சுழலவிட்டு, இடது கையால் திரியை மெல்ல மேலே இழுக்கவேண்டும். முறுக்கு ஏறி நூலாகும். சொல்வது சுலபம். நாங்கள் இழுத்தால் நூல் ஓரிடத்தில் தாம்புக் கயிறாகவும் அடுத்த அங்குலத்தில் கண்ணுக்கே தெரியாததாகவும் வந்து, ‘பட்’டென்று அறுந்து, தக்ளி உருண்டு முன் பெஞ்சுக்காரன் காலடியில் போய் நிற்கும். எடுக்கக் குனிந்தவனை ஒருவன் தள்ளுவான். வகுப்பு முழுக்கப் பஞ்சு பறக்கும். கைத்தொழில் வாத்தியார் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நிற்பார்.

“டேய், நூல் எங்கடா?”

“அறுந்துபோச்சு சார்.”

“அதுக்கு முன்னாடி எங்கடா இருந்துச்சு?”

இந்தக் கேள்விக்கு எங்களில் எவனிடமும் பதில் இல்லை. இன்ஸ்பெக்ஷன் வருகிற வாரத்தில் மட்டும் வகுப்பறை மேஜையில் சிட்டம் சிட்டமாக வெள்ளை நூல் அடுக்கியிருக்கும். கதர்க் கடையில் வாங்கியது. இன்ஸ்பெக்டர் அதைத் தடவிப் பார்த்து மாணவர்களைப் பாராட்டுவார், நாங்களும் பெருமையோடு நெஞ்சை நிமிர்த்துவோம். நாங்கள் நூற்றதை விற்று வாத்தியாருக்குச் சம்பளம் கொடுப்பதாக இருந்தால், மாசத்துக்கு ஒரு டீ குடித்திருப்பார். வடை கடன்தான்.

1953-க்கு வருகிறேன். அந்த ஒரு வருஷத்தில் சென்னைப் பட்டணத்தில் இரண்டு பெரியவர்கள் ஒரே நேரத்தில் பிள்ளைகளின் கைகளைக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் முதலமைச்சர் ராஜாஜி, மற்றவர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார்.

ராஜாஜியின் திட்டம் ஆரம்பப் பள்ளிக்கானது. ஆனால் அதில் விழுந்த அடி உயர்நிலைப் பள்ளிக்கும் வலித்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஜூன் முதல் பள்ளிக்கூடம் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான். ஷிப்டு முறை. மற்ற நேரம் பிள்ளை வீட்டில் அப்பன் செய்கிற தொழிலைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். பள்ளிக் கட்டடம் இரட்டிப்பாக உபயோகப்படும், வாத்தியாரும் இரட்டிப்பாக உபயோகப்படுவார், செலவில்லாமல் கல்வி பரவும் என்று அவர் கணக்குப் போட்டார். கணக்கில் பிழையில்லை. ஆனால் அப்பன் தொழில் என்று அவர் சொன்னபோது, சவரக் கத்தியையும் சலவைக் கல்லையும் மண்வெட்டியையும் பார்த்தே வளர்ந்த ஜனங்களுக்கு அது வேறு மாதிரி காதில் விழுந்தது. வக்கீல் பிள்ளை மிச்ச நேரத்தில் அப்பாவின் சட்டப் புத்தகத்தைப் புரட்டும், வெளுப்பவர் பிள்ளை மிச்ச நேரத்தில் கல்லில் துணியை அடிக்கும். பிறகு இரண்டும் ஒரே பரீட்சை எழுதவேண்டும். இதிலே யார் ஜெயிப்பார் என்று கேட்க மூதறிஞராக இருக்கவேண்டிய அவசியமில்லை. பெரியாரும் தி.மு.க.வும் குலக்கல்வி என்று ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரோடு திட்டத்தின் ஆயுள் ரேகை முடிந்தது.

ஜூலை மாதம் சட்டசபையில் திட்டத்தைக் கைவிடச் சொல்லி ஒரு தீர்மானம். ஆதரவு 138, எதிர்ப்பு 138! சரிபாதி. ஊரே தெருவில் இருக்க, உள்ளே தராசு முள் நடுவில் நின்றது. சரி, நிபுணர் குழுவிடம் விடுங்கள் என்று ஆறப்போட்டார்கள். பருலேகர் தலைமையில் குழு உட்கார்ந்து, திட்டம் நல்ல திட்டம்தான் என்று அறிக்கை கொடுத்தது. நல்ல திட்டம்தான் என்று சொல்லாத நிபுணர் குழு உலகத்தில் உண்டா? 1954-ல் ராஜாஜி உடல்நிலையைக் காரணம் காட்டி விலகினார். காமராஜர் வந்தார். மே மாதம் திட்டம் ரத்து. அதோடு கைத்தொழில் என்று வாயெடுத்தாலே, யார் கைக்கு எந்தத் தொழில், அதை முடிவுசெய்வது யார் என்று எதிர்க்கேள்வி கேட்கிற பழக்கம் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. நல்ல பழக்கம்தான். 2020-ல் புதிய கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்தே தொழில் அறிமுகம், புத்தகப் பை இல்லாத பத்து நாள், தச்சு, மண்பாண்டம் என்று எழுதியதும் இங்கே பழைய பெயரைத் தூசிதட்டி எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

முதலியார் கதை வேறு. அவர் மகப்பேறு மருத்துவர். அவர் எழுதிய பிரசவ வைத்திய நூலைப் படித்துத்தான் தலைமுறை தலைமுறையாக டாக்டர்கள் பாஸ் செய்தார்கள். இருபத்தேழு வருஷம் துணைவேந்தராக இருந்தவர். இடைநிலைக் கல்விக் கமிஷனுக்குத் தலைவராகி, அதே 1953-ல் அறிக்கையைப் பிரசவித்தார். உயர்நிலைப் பள்ளியில் ஏழு பிரிவு வேண்டும் என்றார்: கலை, அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், விவசாயம், நுண்கலை, மனையியல். எல்லாப் பிள்ளையும் விரும்பிய ஒரு கைத்தொழிலைக் கட்டாயம் கற்கவேண்டும். இங்கே கவனியுங்கள், விரும்பிய தொழில். ராஜாஜி திட்டத்துக்கு இல்லாத ஒரே சொல் இதில் இருந்தது. அதனால் யாரும் போராடவில்லை. போராட்டம் இல்லாததால் யாரும் கவனிக்கவும் இல்லை. சில ஊர்களில் பல்நோக்குப் பள்ளி என்று பலகை மாட்டினார்கள். நோக்கம் பலவாக இருந்தாலும் தகப்பன்மாரின் நோக்கம் ஒன்றே ஒன்றுதான். அது அறிவியல் பிரிவு.

மேலே இப்படியெல்லாம் நடந்துகொண்டிருக்க, கீழே வகுப்பறையில் யார் இருந்தார்கள்? டிராயிங் சார், பாட்டு டீச்சர், தையல் டீச்சர். டீச்சர்ஸ் ரூமில் இவர்களுக்குக் கதவோரத்து நாற்காலி. அங்கே நடக்கிற உரையாடல் எந்த ஊர்ப் பள்ளியிலும் ஒன்றுதான்.

“என்ன டிராயிங் சார், இன்னைக்கு பத்தாம் கிளாஸ் உங்களுக்கா?”

“ஆமா சார், மூணாவது பீரியடு.”

“போர்ஷன் கெடக்குது சார். நான் எடுத்துக்கிறேன். நீங்க செத்த ரெஸ்ட் எடுங்க.”

வாங்கிய கடனில் ஒரு பீரியடாவது திரும்பிவந்ததாக எந்தப் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டிலும் இராது. வட்டியும் இல்லை. தப்பித்தவறி டிராயிங் சார் கையில் வகுப்பு கிடைத்துவிட்டால் கரும்பலகையில் ஒரு பானை வரைவார். அடடா, அந்தப் பானை! இடது பக்கம் ஒரே இழுப்பு, வலது பக்கம் ஒரே இழுப்பு, இரண்டும் கழுத்தில் வந்து மயிரிழை பிசகாமல் சேரும். ஃப்ரீஹாண்ட், மாடல் டிராயிங், லோயர், ஹையர் என்று அரசாங்கத் தேர்வுகள் அத்தனையும் எழுதிச் சம்பாதித்த கை அது. சாக்பீஸைப் படுக்கப் போட்டுத் தேய்த்து ஒரு பக்கம் நிழல் கொடுப்பார். பானை பலகையிலிருந்து வெளியே வந்து நிற்கும். நாங்கள் பார்த்துவிட்டு எங்கள் நோட்டில் வரைந்தது பெரும்பாலும் பூசணிக்காய்.

இஷ்டப்பட்டதை வரையலாம் என்று அவர் விட்டுவிட்டால் வகுப்பு முழுக்க ஒரே படம்தான் வரும். ‘சீனரி.’ இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், அதிலிருந்து கம்பி கம்பியாகக் கதிர், மலையடியிலிருந்து வளைந்து வரும் ஆறு, ஆற்றங்கரையில் குடிசை, பக்கத்தில் சாய்ந்த தென்னை, வானத்தில் நாலு காக்கை. எங்களுடையது டெல்டா ஊர். கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான், மலை என்பதை நாங்கள் சினிமாவில்தான் பார்த்திருந்தோம். ராமேஸ்வரத்துப் பையனும் இதே இரண்டு மலைதான் வரைவான், ராயபுரத்துப் பையனும் இதேதான். எந்தக் கமிஷனும் பரிந்துரைக்காமல், எந்தப் பாடநூலிலும் இல்லாமல், மாநிலம் முழுக்க ஒரே சீராக அமலான ஒரே பாடத்திட்டம் இந்தச் சீனரிதான். கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்த கோபுலுவும், மதராஸ் பள்ளியில் படித்த சில்பியும் பத்திரிகைப் பக்கங்களில் தஞ்சாவூர்த் தெருவையும் கோயில் கோபுரத்தையும் உள்ளது உள்ளபடி காட்டிக்கொண்டிருந்தார்கள். வாரா வாரம் அதைப் பார்த்துவிட்டு வந்தும் நாங்கள் மலையை விடவில்லை.

பாட்டு டீச்சர் பாடு இன்னும் மோசம். ஓவியம் சத்தம் போடாது, பாட்டு சத்தம் போடும். பக்கத்து அறையில் ஃபிசிக்ஸ் நடக்கும்போது இங்கே முப்பது குரல் ஸரிகமபதநிஸ என்று ஏறினால் என்ன ஆகும்? ஹெட்மாஸ்டரிடமிருந்து பியூன் சீட்டு கொண்டுவருவார்: சத்தம் வராமல் பாடவும். உலகத்தில் எந்த சங்கீத வித்வானுக்கும் வைக்காத பரீட்சை இது. டீச்சரிடம் ஒரு ஆர்மோனியம். அது இந்தியச் சங்கீதத்துக்கு ஆகாது என்று ஆல் இந்தியா ரேடியோ 1940-ல் தள்ளிவைத்த வாத்தியம். முப்பது வருஷத்துக்குமேல் அந்தத் தடை நீடித்தது. டில்லியில் விலக்கான பெட்டி இங்கே பள்ளிக்கூடங்களில் துருத்தி ஊதிக்கொண்டு வாழ்ந்தது. அதில் ரெண்டு கட்டை ஒட்டிக்கொள்ளும் என்பதால் சில ஸ்வரங்கள் எங்களுக்குக் கடைசிவரை கிடைக்கவேயில்லை.

சரளி வரிசை ஏறி, ஜண்டை வரிசை ஏறி, மலஹரியில் ஒரு கீதத்தைத் தொடும்போது காலாண்டுப் பரீட்சை வந்துவிடும். மறுபடியும் சரளி வரிசை. ஆனாலும் பாட்டு டீச்சர்களுக்கு ஒரு மகத்தான வெற்றி உண்டு. 1970-ல் மனோன்மணீயம் சுந்தரனாரின் பாடலைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக அரசாங்கம் அறிவித்தது. எம். எஸ். விஸ்வநாதன் மோகன ராகத்தில் மெட்டுப் போட்டார். அன்றிலிருந்து காலை பிரேயரில் மாநிலமே மோகனம் பாடுகிறது. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவனுக்கும் ஒரு ராகம் சுத்தமாகத் தெரியும். தெரியும் என்பதுதான் அவனுக்குத் தெரியாது. சபாக்களில் டிக்கெட் வாங்கி முன்வரிசையில் தலையாட்டுகிற ஆசாமிகளில் பாதிப் பேருக்கு இந்த உத்தரவாதம் கிடையாது.

தையல் வகுப்புக்குள் எங்களை விடமாட்டார்கள். தங்கச்சி நோட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சதுரத் துணி ஒட்டி, ஓட்டுத் தையல், ஹெம்மிங், சங்கிலித் தையல், காஜா என்று வரிசையாக இருக்கும். கடைசிப் பக்கத்தில் பொம்மைக்குக்கூடப் பற்றாத ஒரு ஃப்ராக். பாதி அம்மா தைத்தது, மீதி பாட்டி தைத்தது. மதிப்பெண் மட்டும் தங்கச்சிக்கு.

இதற்குப் பிறகு வந்த கண்டுபிடிப்புகளை வேகமாகத் தாண்டிவிடலாம். 1966-ல் கோத்தாரி கமிஷன் கைகளைக் கண்டுபிடித்து ‘வேலை அனுபவம்’ என்றது. 1977-ல் ஈஸ்வர்பாய் படேல் குழு அதே கைகளைக் கண்டுபிடித்து ‘சமூகப் பயனுள்ள உற்பத்திப் பணி’ என்றது. பெயர் மட்டும் ஒவ்வொரு முறையும் நீண்டுகொண்டே போனது, பீரியடு நீளவில்லை. மறு வருஷம், வேலூரில் பிறந்து யுனெஸ்கோ வரை போய்த் திரும்பிய மால்கம் ஆதிசேஷய்யா தலைமையில் இன்னொரு குழு. அதே 1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது, கூடவே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. விவசாயம், நர்ஸிங், ஜெனரல் மெஷினிஸ்ட், ஆடை வடிவமைப்பு, அலுவலகச் செயலர் பயிற்சி என்று வரிசை கட்டின. யாருக்கு இவை? பத்தாம் வகுப்பு மார்க்கு அட்டையை ஹெட்மாஸ்டர் மேலிருந்து கீழே பார்ப்பார். மேலே இருந்தால் ஃபர்ஸ்ட் குரூப். நடுவில் இருந்தால் காமர்ஸ். கீழே இருந்தால், “தம்பி, உனக்குக் கைவேலை நல்லா வரும்” என்பார். தம்பியின் கையை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அப்படிச் சேர்ந்த தம்பிகளில் ஒருவன் இன்று எங்கள் தெருவில் மோட்டார் காயில் கட்டுகிறான். ஃபர்ஸ்ட் குரூப் படித்தவர்கள் அவன் கடை வாசலில் எரிந்துபோன போர்வெல் மோட்டாரோடு வரிசையில் நிற்கிறோம். சுற்று எண்ணும்போது அவனோடு யாரும் பேசக்கூடாது. பேசினால் கூலி ஏறும்.

தமிழ்நாட்டின் அசல் தொழிற்கல்வி இந்தத் திட்டம் எதிலும் இல்லை. அது பள்ளிக்கூடம் விட்டதும் மாடிப்படி ஏறிப் போகிற டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் இருந்தது. ரெமிங்டன், ஃபேசிட், ஹால்டா. ஏ-எஸ்-டி-எஃப்-ஜி-எஃப் என்று தெருவே அதிர விரல்கள் சரளி வரிசை வாசிக்கும். கட்டாயம் இல்லை, கமிஷன் இல்லை, இலவசமும் இல்லை. ஆனாலும் இடம் கிடைக்காது, காலை ஆறு மணி பேட்சுக்கே ஆள் நிற்கும். காரணம் சுலபம்: ஹையர் பாஸ் செய்தால் கவர்ன்மென்ட் ஆபீஸில் நாற்காலி. அந்த பேட்சுகளில் முளைத்த காதல்களுக்குத் தனிக் கமிஷன் போடலாம். இதுவரை யாரும் போடவில்லை.

பள்ளியில் டிராயிங் சாரையும் பாட்டு டீச்சரையும் ராஜாவாக வைத்துத் தாங்குகிற நாள் ஒன்று இருந்தது. ஆண்டு விழா. கலெக்டர் வருகிறார் என்றால் ஒரு மாதத்துக்கு முன்பே கதவோரத்து நாற்காலிகள் நடுவுக்கு வந்துவிடும். வரவேற்புப் பலகை யார் எழுதுவது? டிராயிங் சார். கட்டம் போட்டு காந்தியையும் அண்ணாவையும் ஆறடிக்குப் பெரிதாக்குவது யார்? அவரேதான். கடவுள் வாழ்த்து, வரவேற்புப் பாட்டு, கோலாட்டத்துக்குப் பின்பாட்டு எல்லாம் பாட்டு டீச்சர். நாடகத்துக் கட்டபொம்மனுக்கு ஜிகினா வைத்த அங்கியும் ஜாக்ஸன் துரைக்குக் கால்சட்டையும் தையல் டீச்சர். அந்த மாதம் கணக்கு வாத்தியார் பீரியடு கேட்டுப் பார்க்கட்டுமே! ஹெட்மாஸ்டர் அவரிடமிருந்தே பிடுங்கி இவர்களுக்குக் கொடுப்பார். “சார், இவனை அனுப்புங்க, இவன்தான் ஊமைத்துரை” என்று பாட்டு டீச்சர் வாசலில் வந்து நிற்க, அல்ஜீப்ராவை அப்படியே விட்டுவிட்டு நாங்கள் வீரநடை போட்டு வெளியே போவோம். மேடையில் கலெக்டர் கலைகளின் மேன்மை பற்றிப் பேசி, கணக்கில் முதல் மார்க்கு வாங்கியவனுக்குப் பரிசு கொடுப்பார்.

இன்னொரு கண்டுபிடிப்பு 2012-ல் வந்தது. அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி, தோட்டக்கலை, கட்டடக்கலை, வாழ்வியல் திறன் என்று முதலியார் கமிஷன் பார்த்தால் மகிழ்ந்துபோகிற பட்டியல். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. மாதச் சம்பளம் 5,000 ரூபாய். மே மாதம் சம்பளம் இல்லை என்றார்கள். மே மாதம் ஓவியருக்குப் பசிக்காது என்று அரசாணை எழுதியவர் யோசித்திருக்கலாம், கத்தரி வெயிலில் யாருக்குத்தான் பசிக்கிறது? சம்பளம் அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. நிரந்தரம் ஆக்குங்கள் என்பதுதான் அவர்கள் கேட்பது. அதற்காக நுங்கம்பாக்கத்தில் டி.பி.ஐ. என்ற கல்வித்துறை வளாகத்தில் வந்து வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த மாதிரிப் போராட்டம் நடந்தால் நின்று பதாகைகளைப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல், சுற்றிலும் பார்டர், ‘ற’வின் சுழி ஒவ்வொன்றும் ஒரே அளவு. கணக்கு வாத்தியார்கள் சங்கம் உட்கார்ந்தால் இந்த நேர்த்தி வராது. அப்படி ஒருநாள் உட்கார நேர்ந்தாலும், முந்தின நாள் சாயங்காலம் டிராயிங் சாரைத்தான் தேடிப் போவார்கள்: “சார், ஒரு பத்து அட்டை எழுதிக் கொடுத்துடுங்க. நாளைக்கு உங்க பீரியடை நாங்க யாரும் கேக்கலை.”